சங்கத்தில் போட்ட காசுக்குக் கணக்குக் கேட்போம்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வீட்டில் பாஸ் புத்தகம் வைத்திருக்கும் உம்மாமாருக்கும் ராத்தாமாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

எமது பகுதியில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கமொன்றில் காசு வைத்தவர்கள் சில மாதங்களாக அலைந்து கொண்டிருக்கிறார்கள். சங்கத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. விடயம் ஒரு சங்கத்தோடு முடிவதும் இல்லை. சேமிப்பை எடுக்கப் போனால் “மனேஜர் இல்ல, அடுத்த கிழமை வாங்க” என்கிறார்கள். அடுத்த கிழமை போனால் “மொத்தமா தர ஏலாது, ஐயாயிரம் தாறம்” என்கிறார்கள். ஏன் என்று கேட்டால், “நம்பிக்கை இல்லையா? ஊர்ச் சங்கத்தையே சந்தேகப்படுறீங்களா?” என்று திருப்பிக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியோடு அநேகமானோர் வாயை மூடிக்கொண்டு திரும்பி விடுகிறார்கள்.

எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் சிலரும் அங்கத்தவர்களுமாகச் சேர்ந்து எழுத்தில் சில கேள்விகளைக் கொடுத்தோம். கடிதத்தை வாங்கிக் கொண்டார்கள். வாங்கியதற்குக் கையொப்பம் தர மறுத்தார்கள். அதன்பிறகு நாங்கள் தேடித் தெரிந்து கொண்டவற்றை எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறோம்.

முதலில் ஒரு அடிப்படை விடயம். சங்கத்தில் இருக்கும் காசும் வங்கியில் இருக்கும் காசும் ஒன்றல்ல.

மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் நாம் வைக்கும் வைப்புக்கு வைப்புக் காப்புறுதி இருக்கிறது. 2010 இல் தொடங்கிய திட்டம் அது. நிறுவனம் விழுந்தால், ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு இப்போது 11 இலட்சம் ரூபா வரை கிடைக்கும். 2020 மே மாதம் த பினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தபோது உச்ச எல்லை 6 இலட்சமாக இருந்தது. சிறு தொகை வைத்திருந்தவர்களின் கை முற்றாக வெறுமையாகாமல் இருந்தது அந்தத் திட்டத்தால்தான்.

கூட்டுறவுச் சங்கங்கள் இந்தத் திட்டத்துக்குள் இல்லை. மத்திய வங்கி அவற்றை மேற்பார்வை செய்வதும் இல்லை. கூட்டுறவு என்பது 13 ஆவது திருத்தத்தின் கீழ் மாகாண சபைக்குரிய விடயம். ஒரு மாகாணத்துக்குள் இயங்கும் சங்கத்தைப் பதிவது, மேற்பார்வை செய்வது, கணக்காய்வு செய்வது எல்லாம் அந்த மாகாணத்தின் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் வேலை. ஆகவே சங்கத்துக் காசு பற்றி மத்திய வங்கிக்கு முறைப்பாடு எழுதினால், அது எமது எல்லைக்குள் இல்லை என்றுதான் பதில் வரும். மாதக்கணக்கில் தவறான வாசலில் நிற்க வேண்டாம்.

இதில் இரண்டு குழப்பங்கள் ஊரில் பரவலாக இருக்கின்றன.

ஒன்று, ‘சணச’ என்ற பெயர். 1997 இல் உருவான சணச அபிவிருத்தி வங்கி மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கி. அங்குள்ள வைப்புக்குக் காப்புறுதி உண்டு. ஆனால் கிராமத்திலுள்ள சணச சங்கம் தனியாகப் பதியப்பட்ட ஒரு கூட்டுறவுச் சங்கம். பலகையில் பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பாதுகாப்பும் ஒன்றுபோல் இருக்கும் என்று எண்ணி விடுகிறோம்.

மற்றது, ‘கிராமிய வங்கி’. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் கிராமிய வங்கிகளின் பெயரில் வங்கி என்ற சொல் இருக்கிறது. ஆனால் அவையும் கூட்டுறவுத் திணைக்களத்தின் கீழ்தான் வருகின்றன.

இதை வாசித்துவிட்டு யாரும் நாளைக் காலையில் சங்கத்து வாசலுக்கு ஓட வேண்டாம். சங்கம் என்றாலே ஏமாற்று என்று நாங்கள் சொல்லவில்லை. இலங்கையில் கடன் கூட்டுறவுக்கு 1911 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நூறு வருடங்களுக்கு மேலாக வங்கி எட்டிப் பார்க்காத கிராமங்களில் விதை நெல்லுக்கும், வலைக்கும், தறிக்கும், பிள்ளையின் படிப்புக்கும் காசு கொடுத்தவை இந்தச் சங்கங்கள்தான். 1978 இல் கிரிவந்தெனிய அவர்கள் சணச இயக்கத்துக்குப் புத்துயிர் கொடுத்தபோதும் அடிப்படை அதே எண்ணம்தான்: ஊரவர் காசு ஊரவருக்கே பயன்பட வேண்டும். நிலமோ நகையோ இல்லாத பெண்களைக் கையொப்பத்தை மட்டும் நம்பி எழுப்பிவிட்ட சங்கங்கள் இன்றும் எத்தனையோ ஊர்களில் ஒழுங்காக இயங்குகின்றன.

அந்த ஏற்பாட்டின் பலம் எதில் இருந்தது? மேலே இருந்து காவல் காக்க ஒரு மத்திய வங்கி அதற்கு இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களே காவல் காத்தார்கள். யார் எவ்வளவு வாங்கினார், யார் கட்டவில்லை என்பது கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. கூட்டுறவில் ஐந்து இலட்சம் வைத்தவருக்கும் ஐந்நூறு ரூபா வைத்தவருக்கும் ஒரே ஒரு வாக்குத்தான். அந்த வாக்கு கேள்வி கேட்பதற்காகவும் தரப்பட்டது. கேள்வியை எடுத்துவிட்டால் சங்கத்தில் மிஞ்சுவது பெட்டகமும் அதன் சாவி வைத்திருப்பவரும் மட்டும்தான்.

காசு ஏன் உடனே கிடைப்பதில்லை என்பதையும் நியாயமாகப் பார்ப்போம்.

நாம் கொடுக்கும் காசு பெட்டகத்தில் அப்படியே அடுக்கி வைக்கப்படுவதில்லை. அது மற்ற அங்கத்தவருக்குக் கடனாகப் போகிறது. நாம் நினைத்த நேரம் எடுக்கலாம் என்று போடுகிறோம். கடன் வாங்கியவர் இரண்டு வருடத்திலோ ஐந்து வருடத்திலோதான் கட்டி முடிப்பார். நெல் செய்யும் ஊர் என்றால் விதைப்புக் காலத்தில் சங்கம் காலியாகி, அறுவடைக்குப் பிறகு நிறையும். 2021 இல் இரசாயன உரத் தடை வந்தபோது விளைச்சல் விழுந்தது. 2022 இல் பணவீக்கம் 70 வீதம் வரை ஏறியபோது கட்டிக் கொண்டிருந்தவர்களும் நின்றார்கள். அந்த இரண்டு வருட அடியில் இருந்து எழும்பாத சங்கங்கள் இருக்கலாம். அங்கே தாமதத்துக்குக் காரணம் களவாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆனால் காரணம் எதுவோ, அதைச் சொல்ல வேண்டும். “இவ்வளவு கடன் நிலுவையில் இருக்கிறது, இவ்வளவு வசூலாகும், இன்ன மாதத்தில் இருந்து இவ்வளவு தருவோம்” என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினால் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எமது ஊர் பொறுமையில்லாத ஊர் அல்ல. வெள்ளத்தையும் சுனாமியையும் பார்த்த ஊர். ஒன்றும் சொல்லாமல் இழுத்தடிப்பதைத்தான் தாங்க முடியவில்லை. வீடு கட்டித் தராமல் மகளைக் கலியாணம் முடித்துக் கொடுக்க முடியாத எமது வழக்கம் எல்லோருக்கும் தெரியும். இருந்த கொஞ்ச நகையை விற்று, சீமெந்து விலை இறங்கும் வரைக்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று சங்கத்தில் போட்ட தாய்மார் இருக்கிறார்கள். அரைச் சுவரோடு வீடு நிற்கிறது. அவர்களுக்குத் தேவை ஒரு திகதி. அதைக்கூடச் சொல்ல ஆளில்லை.

சரி, என்ன கேட்க வேண்டும்? கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒன்று உண்டு. பிள்ளை “விளங்கவில்லை” என்று சொன்னால் ஆசிரியருக்குப் பதில் சொல்ல வழியில்லை; “இந்த வரி விளங்கவில்லை” என்று கேட்கப் பழக்க வேண்டும் என்பார்கள். “எங்கட காசு எங்கே?” என்பதும் அதுபோல் ஒரு கேள்விதான். அதற்கு “இருக்கு, பயப்படாதீங்க” என்று சொல்லித் தப்பிவிடலாம். கீழே உள்ளவற்றுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

1. எனது கணக்கில் இன்றைய மீதி எவ்வளவு? சங்கத்தின் பேரேட்டில் உள்ளதும் எனது பாஸ் புத்தகத்தில் உள்ளதும் ஒன்றா? பக்கத்தைக் காட்டுங்கள்.

2. அந்தத் தொகையில் பங்குப் பணம் எவ்வளவு, கட்டாய சேமிப்பு எவ்வளவு, நான் விரும்பிப் போட்ட சேமிப்பு எவ்வளவு, நிலையான வைப்பு எவ்வளவு? ஒவ்வொன்றையும் எடுப்பதற்கு விதி என்ன?

3. கடைசியாகக் கணக்காய்வு முடிந்தது எந்த வருடத்துக்கு? அந்த அறிக்கை பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட்டதா?

4. கொடுத்த கடன் மொத்தம் எவ்வளவு? அதில் தவணை தவறியது எவ்வளவு?

5. நிருவாக சபை உறுப்பினர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் வாங்கிய கடன் எவ்வளவு? ஒழுங்காகக் கட்டப்படுகிறதா?

6. சங்கத்தின் காசு வங்கியில் எவ்வளவு இருக்கிறது? அந்தக் கணக்கில் கையொப்பமிடுவோர் யார், எத்தனை பேர்?

7. காசு திருப்பிக் கொடுப்பதில் வரிசை என்ன? முதலில் கேட்டவருக்கு முதலிலா, தெரிந்தவருக்கு முதலிலா?

ஏழாவது கேள்விதான் ஊரில் அதிகம் நெஞ்சைச் சுடுகிறது. செல்வாக்குள்ளவர் ஒரு தொலைபேசி அழைப்பில் காசை எடுத்துக் கொண்டு போக, விதவைப் பெண் வெயிலில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் சங்கத்தின் மீதுள்ள நம்பிக்கை உடைகிறது. காசு குறைவாக இருக்கும் காலத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது நீதி. சிலருக்கு முழுதாகக் கொடுத்து மற்றவர்களை அலையவிடுவது நீதியல்ல.

அடுத்தது எப்படிக் கேட்பது.

வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். எங்களுக்குச் செய்ததுபோல் மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டே சாட்சி. சங்கத்தின் துணைவிதிகளையும் கேட்டுப் பாருங்கள். அங்கத்தவர் அதைப் பார்வையிடுவது உரிமை. பொதுக்கூட்டம் எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எத்தனை நாள் முன்னறிவித்தல், விசேட கூட்டத்தை எத்தனை பேர் கேட்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

சங்கம் பதில் தராவிட்டால் அடுத்த படி உங்கள் பிரதேசத்துக்குப் பொறுப்பான கூட்டுறவு அபிவிருத்தி உதவி ஆணையாளர் அலுவலகம். 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படி, பதியப்பட்ட ஒவ்வொரு சங்கத்தின் கணக்கும் வருடத்துக்கு ஒரு தடவையாவது கணக்காய்வு செய்யப்பட வேண்டும். அதைச் செய்விப்பது பதிவாளரின் பொறுப்பு. மாகாணத்தில் அந்த அதிகாரம் கூட்டுறவு அபிவிருத்தி ஆணையாளரிடம் இருக்கிறது. அங்கத்தவர்களில் மூன்றிலொரு பங்கினர் எழுதிக் கேட்டால் விசாரணை நடத்தியே ஆக வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அங்கத்தவருக்கும் சங்கத்துக்கும் இடையிலான பிணக்கைப் பதிவாளரின் தீர்ப்புக்கு அனுப்புவதற்கும் அதில் 58 ஆம் பிரிவு இருக்கிறது. சில மாகாணங்கள் தமக்கென நியதிச்சட்டம் இயற்றியிருப்பதால் பிரிவு இலக்கங்கள் வேறுபடலாம். அலுவலகத்தில் கேட்டுக் கொள்ளுங்கள்.

மூன்றாவது படி தகவல் அறியும் உரிமை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. மாகாணத் திணைக்களங்கள் அதற்குள் வருகின்றன. ஆகவே கணக்காய்வு அறிக்கையைச் சங்கத்திடம் கெஞ்சிக் கொண்டிருக்கத் தேவையில்லை. திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு எழுதலாம். தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென நியமிக்கப்பட்ட அலுவலரிடம் போகலாம். அங்கும் முடியாவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இன்னொருவரின் வைப்பு எவ்வளவு, அவருக்கு என்ன கடன் என்று தனிப்பட்ட விபரம் கேட்டால் தரமாட்டார்கள். தரவும் கூடாது. “இன்ன சங்கத்தின் கடைசி மூன்று வருடக் கணக்காய்வு அறிக்கைகளின் பிரதிகள்” என்று கேளுங்கள். “கணக்காய்வாளர் சுட்டிக்காட்டிய குறைகளுக்குத் திணைக்களம் எடுத்த நடவடிக்கை என்ன” என்று கேளுங்கள். இரண்டே வரிதான்.

இப்போது எங்களுக்கு வரும் எதிர்ப்புகள்.

“இப்படிப் பேசினால் எல்லோரும் ஒரே நேரத்தில் காசை எடுக்க வருவார்கள், சங்கம் விழுந்துவிடும்.” இது வெறும் சாட்டு அல்ல, உண்மையான அச்சம். எந்த நல்ல சங்கமும் எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்க முடியாது. ஆனால் ஓட்டத்தைத் தொடங்குவது வதந்தி. கூட்டத்தில் வாசிக்கப்பட்ட கணக்கு வதந்தியைக் கொல்லும். மறைக்கப்பட்ட கணக்கு அதை வளர்க்கும். ஆகவே கேள்வி கேட்பவர்கள் சங்கத்தைக் காப்பாற்றப் பார்ப்பவர்கள். கேட்காமல் இரவோடு இரவாகத் தங்கள் காசை மட்டும் எடுத்துக் கொள்பவர்களால்தான் சங்கம் விழும்.

“ஊர் மானம் போகும், உள்ளுக்குள் பேசித் தீர்ப்போம்.” பேசித் தீர்க்க நாங்களும் தயார். பள்ளிவாசல் நிருவாகம் நடுவில் இருக்கட்டும். ஆனால் பேச்சு முடியும்போது கையில் ஒரு எழுத்து இருக்க வேண்டும். தொகை, திகதி, கையொப்பம். உள்ளுக்குள் பேசித் தீர்த்தவை எல்லாம் எழுத்தில் இல்லாததால்தான் மறுபடி மறுபடி முளைக்கின்றன.

“வட்டி வருகிற இடத்தில் காசைப் போட்டுவிட்டு இப்போது கணக்கா?” இது எமது சமூகத்துக்குள் மட்டும் கேட்கும் கேள்வி. இதனாலேயே பலர், குறிப்பாகப் பெண்கள், சங்கத்தில் காசு இருப்பதைக் குடும்பத்துக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். வட்டி விடயத்தில் மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டு நடந்து கொள்ளுங்கள். அதில் நாங்கள் வாய் வைக்கவில்லை. ஆனால் போட்ட முதல் ஒருவரின் ஹலாலான உழைப்பு. அது அமானிதம். வெட்கப்பட்டுக் கேட்காமல் விடும் ஒவ்வொருவரும் கணக்குக் காட்ட விரும்பாதவருக்குத்தான் வேலையை இலேசாக்குகிறார்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளுமாறு சொல்லும் வசனம்தான் அல்குர்ஆனிலேயே நீளமான வசனம், சூரா பகராவின் 282 ஆவது வசனம். எழுதுபவர், சாட்சிகள், சிறு தொகையானாலும் எழுதச் சோம்பாமை என்று எல்லாம் அதில் வருகிறது. எழுதிக் கேட்பதை அவநம்பிக்கை என்பவர்கள் அதை ஒரு தடவை ஓதிப் பார்க்கட்டும்.

சங்க நிருவாகத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் அநேகர் சம்பளம் இல்லாமல், மாலையில் கடையைப் பூட்டிவிட்டு வந்து கணக்குப் பார்ப்பவர்கள். எங்களுக்கு அது தெரியும். முன்னைய நிருவாகம் விட்டுப்போன குழியை மூடிக் கொண்டிருப்பவர்களும் இருக்கலாம். அப்படியென்றால் அதைச் சொல்லுங்கள். குழியை மறைத்துக் கொண்டிருக்கும் வரைக்கும் அதைத் தோண்டியவர் நீங்கள் என்றுதான் ஊர் நினைக்கும். மாதாமாதம் ஒரு பக்கத்தில் ஐந்து எண்களை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்: மொத்த வைப்பு, மொத்தக் கடன், தவணை தவறிய கடன், வங்கியில் உள்ள காசு, அந்த மாதம் திருப்பிக் கொடுத்தது. ஆண்டு ஆறு பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு அது. இதைச் செய்யும் சங்கத்துக்கு நாங்களே எங்கள் காசைக் கொண்டுவந்து போடுவோம்.

இன்று வீட்டில் செய்யக் கூடிய வேலைகள் மூன்று. பாஸ் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பதிவின் திகதியைப் பாருங்கள். சேகரிக்க வருபவரிடம் புத்தகத்தையே கொடுத்து வைத்திருந்தால் திருப்பி வாங்குங்கள். எல்லாப் பக்கங்களையும் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பின்னுரித்தாளராக யாரின் பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பத்து வருடங்களுக்கு முன் மௌத்தானவரின் பெயர் அப்படியே இருக்கும் புத்தகங்களை இந்தச் சில கிழமைகளில் கண்டோம்.

கடிதம் எழுதத் தெரியாது என்று யாரும் பின்வாங்க வேண்டாம். கேள்விக் கடிதத்துக்கும் தகவல் விண்ணப்பத்துக்கும் மாதிரி தயாராக இருக்கிறது. பெயரையும் கணக்கு இலக்கத்தையும் நிரப்பினால் போதும். எங்கள் ஆசிரியர்களில் யாரிடமும் பாடசாலை விட்ட பிறகு வந்து கேளுங்கள், எழுதித் தருகிறோம். காசு வாங்க மாட்டோம். உங்கள் கணக்கு விபரத்தைக் கருத்துப் பகுதியில் போடாதீர்கள். யாருடைய பெயரையும் எழுதித் திட்டாதீர்கள். திட்டினால் விடயம் திட்டோடு நின்றுவிடும்.

நாங்கள் கொடுத்த கடிதம் இப்போது பதிவுத் தபாலில் போயிருக்கிறது, பிரதி உதவி ஆணையாளருக்கு. பதில் வந்தால், நல்லதோ கெட்டதோ, வந்தபடியே இங்கே போடுவோம். வராவிட்டால் தகவல் விண்ணப்பம் போகும். அதில் எத்தனை அங்கத்தவர்களின் கையொப்பம் இருக்கும் என்பது இதை வாசிக்கும் உங்கள் கையில் இருக்கிறது.